ஓரக் குறிப்புகளில் வளர்ந்த நட்பு

மியான்மரின் யாங்கோனில் என் வயதுக்காரர்களுக்குத் தனிமை தேடிப் பெற்றதல்ல, நாட்டு நிலைமை கொண்டுவந்து சேர்த்தது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, என்னோடு படித்தவர்களும் கோயில் திருவிழாவில் ஒன்றாகக் காவடி எடுத்தவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் பாங்காக்குக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். 2024இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது, எஞ்சியிருந்த இளையவர்களும் புறப்பட்டார்கள். உளுந்து ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். பகல் முழுவதும் தமிழ்நாட்டு வியாபாரிகளோடு தமிழிலேயே பேசினாலும், அந்தப் பேச்சு விலையையும் சரக்கு ஏறும் தேதியையும் தாண்டுவதில்லை.

போனவர்கள் முதலில் அடிக்கடி அழைத்தார்கள். பிறகு பண்டிகை வாழ்த்து வந்தது, பிறகு குழந்தைகளின் படங்கள் மட்டும் வந்தன. யார் மீதும் பிழையில்லை. ஒரே தெருவும் ஒரே தேநீர்க் கடையும் கட்டிவைத்திருந்த உறவு, தெரு மாறியதும் தளர்ந்துபோனது, அவ்வளவுதான். ஆயினும் நீண்ட காலம் அதை ஒரு துரோகமாகவே மனத்துக்குள் வைத்திருந்தேன்.

அந்த நாள்களில்தான் பான்சோடன் தெருவின் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். பர்மிய, ஆங்கிலப் புத்தகக் குவியல்களுக்கு நடுவே தமிழ்ப் புத்தகம் தென்படுவது அரிது, அட்டை போன ஒரு தமிழ் அகராதியை நான் கையில் எடுத்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, தமிழ் வாசிப்பீர்களா?" என்று அவரே கேட்டார். அறுபதுகளின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபின், இங்கே தமிழ் எழுத்தைக் கற்றவர்கள் பெரும்பாலும் கோயில் வகுப்புகளிலும் வீட்டிலும்தான் கற்றார்கள் என்பதால், அந்தக் கேள்வியில் இருந்த வியப்பு எனக்குப் புரிந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். 1964ஆம் ஆண்டைப் பற்றி அவராகவே பேசத் தொடங்கினார். அந்த மார்ச் மாதத்தில் கடைகள் அரசுடைமையாயின. மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. கடையும் கைப்பணமும் போன குடும்பங்கள் சென்னைக்குக் கப்பல் ஏறின. எங்களுடைய நட்புகள் தேய்ந்து மறையச் சில ஆண்டுகள் பிடித்தன. அவருடைய தெருவோ சில மாதங்களில் காலியானது. அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவரும் அப்படிப் போனவர்தான். கடிதங்கள் வந்தன, குறைந்தன, நின்றன.

பிறகு அவர் ஒரு திருக்குறள் பதிப்பை எடுத்துக் காட்டினார். பரிமேலழகர் உரையோடு கூடிய பழைய புத்தகம். தாளின் ஓரங்கள் பழுப்பேறிப் பூச்சி அரித்திருந்தன. நட்பைப் பற்றிய ஐந்து அதிகாரங்களின் பக்கங்களில் மட்டும் ஓரமெல்லாம் எழுத்து, பென்சிலிலும் நீல மையிலும் கறுப்பு மையிலும். 785ஆம் குறளுக்கு அருகே என் பார்வை நின்றது. கூடிப் பழக வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சியே நட்பின் உரிமையைத் தந்துவிடும் என்பது அந்தக் குறளின் கருத்து. நேரில் காணாமலே நண்பர்களான கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் பரிமேலழகர் அங்கே எடுத்துக்காட்டுகிறார். அதன் பக்கத்தில் பென்சிலில், "நீ இதை நம்புகிறாய். நான் நம்பவில்லை. பழகாமல் உணர்ச்சி எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?" என்று எழுதியிருந்தது. கீழே நீல மையில் அதற்கு நண்பர் சொல்லியிருக்கக்கூடிய மறுமொழி. அதற்கும் கீழே, கை நடுக்கம் தெரியும் கறுப்பு எழுத்தில், "உன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது" என்று ஒரு வரி. பிரிந்துபோன நண்பரோடு அவர் பல ஆண்டுகள் வாதாடி, இறுதியில் சற்றே இறங்கியும் வந்திருக்கிறார்.

இதைச் சோகமான காட்சியாக நினைப்பவர்கள் இருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம் கருத்தை மறுக்கக்கூடிய ஒருவரை மனத்தில் இருத்தி, அவருக்கு விடை சொல்லியாக வேண்டும் என்ற கடமையோடு வாசித்ததால்தான், அந்தச் சிறிய நூலை அவ்வளவு ஆழமாக அவரால் படிக்க முடிந்தது. நண்பர் விட்டுப்போனவற்றுள் மிக உறுதியானது அந்த எதிர்வாதமே.

இதற்கு நேர்மாறான தனிமையையும் நான் கண்டிருக்கிறேன். இந்நாட்டில் திஞ்சான் என்னும் பர்மியப் புத்தாண்டு விடுமுறையின்போது தியான மையங்களில் போய்த் தங்குவது பரவலான வழக்கம். பர்மிய நண்பர் ஒருவர் அழைத்ததால் நானும் போனேன். அங்கே பேச்சும் கிடையாது, வாசிப்பும் கிடையாது, எழுதவும் கூடாது. அந்த நெறியை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே என்னைப் பற்றி ஒன்று தெளிவாயிற்று: இத்தனை காலமும் ஆழ்ந்து யோசிப்பதாக நான் எண்ணிக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி, யார் என்னை அழைக்கவில்லை, யார் பதில் எழுதவில்லை என்ற பழைய மனக்கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பதாகவே இருந்தது. எதிரில் ஒரு நூலோ மறுப்பவரோ இல்லாதபோது என் மனம் தன் குறையையே சுற்றி வருகிறது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன்.

அதன் பிறகு, கோலாலம்பூரில் இருக்கும் ஒரு நண்பரிடம் நலம் விசாரிப்பதை நிறுத்திக்கொண்டு, இருவரும் ஒரே நூலைப் படித்து ஒருவருக்கொருவர் நீண்ட மடல் எழுதலாமா என்று கேட்டேன். அவர் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். கிடங்கில் இரவு வேலை பார்ப்பவர். பெரியவரிடம் கண்ட அந்த ஐந்து அதிகாரங்களிலிருந்தே தொடங்கினோம். மின்சாரம் நின்றுவிடும் மாலைகளில் அவசர விளக்கின் வெளிச்சத்தில் படித்துக் குறிப்பெடுத்து, மின்சாரம் வந்ததும் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். அவருடைய மறுமொழி சில வேளைகளில் ஒரு மாதம் கழித்தும் வருகிறது. ஆனால் வரும்போது அதில் எனக்கு உடன்பாடில்லாத ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கிறது. பழைமை என்ற அதிகாரத்தில், நெடுநாள் நண்பர் உரிமையோடு செய்யும் பிழையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று வள்ளுவர் சொல்வதை அவர் ஏற்கவே இல்லை. நான் இன்னும் விடை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்படித் தொலைவிலிருந்து சேர்ந்து வாசிப்பவர்கள் இங்கே இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அதிகாரம் அதிகாரமாக எழுதிக்கொள்கிறீர்களா, நூல் முழுவதையும் முடித்துவிட்டு எழுதுகிறீர்களா? நாங்கள் முதல் முறையைப் பின்பற்றுகிறோம். ஆனால் ஒரு அதிகாரத்தில் எழும் பூசல் தீர்வதற்குள் அடுத்ததைத் தொடங்க இருவருக்குமே மனம் வருவதில்லை.