முதலில் கொத்தனாரா, எலக்ட்ரீஷியனா? பழைய அறைகளைப் புதுப்பித்தவர்களின் அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து:

எங்கள் குடும்ப வீட்டின் கூடத்தையும் இரண்டு அறைகளையும் புதுப்பித்தபோது, சுவர்களின் பழைய பூச்சு உப்புப் பூத்துப் பொருமியிருந்ததால் அதை முழுவதும் தட்டி எடுக்க வேண்டியதாயிற்று. செங்கல் வெளியே தெரிந்தவுடன் சுவரில் காடி, அதாவது நீளமான பள்ளம், வெட்டி வயருக்கான பைப்பைப் பதித்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் அவசரப்பட்டார். வயதில் மூத்த எங்கள் கொத்தனாரோ, முடிந்த பூச்சின் முகம் எங்கே வரும் என்று காட்டும் சிறு கலவைத் திட்டுகளான மட்டப் பொட்டுகளைச் சுவரில் வைக்கும் வரை யாரும் உளியை எடுக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வாதத்தில் அவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து.

பழைய சுவர் எதுவும் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்பதில்லை. எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு மூலைக்கு 12 மி.மீ. பூச்சு போதுமானதாக இருக்க, மறு மூலையில் ஏறக்குறைய 30 மி.மீ. வைத்தால்தான் மட்டம் கிடைக்கும் என்பது பொட்டு வைத்த பிறகே தெரிந்தது. சுவிட்ச் பாக்ஸின் விளிம்பு, முடிந்த பூச்சின் முகத்தோடு ஒன்றி நிற்க வேண்டும். செங்கல்லை மட்டும் பார்த்துப் பதித்தால் ஓரிடத்தில் பாக்ஸ் துருத்திக்கொண்டு நிற்கும். வேறோரிடத்தில் உள்ளே புதைந்து, பிளேட்டின் திருகு எட்டாமல் போகும். பக்கத்து வீட்டில் அப்படிப் புதைந்த பாக்ஸ்களைச் சுற்றி, புதிய பூச்சையே மீண்டும் உடைத்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் எலக்ட்ரீஷியன் இரண்டு பொட்டுகளுக்கு இடையே நூல் கட்டி, அந்த நூலை அளவாக வைத்து ஒவ்வொரு பாக்ஸையும் பதித்தார்.

பைப்பைப் பதித்த பின், வளைவுகளில் அடைப்பு இல்லையா என்று ஸ்பிரிங் விட்டுப் பார்த்து, பின்னால் வயரைக் கட்டி இழுப்பதற்கான இழுகம்பியை உள்ளே விட்டுவைத்தோம். பிறகு காடியை நனைத்து 1:4 சிமெண்ட் கலவையால் அடைத்து, அதன் மேல் கோழிவலையை இருபுறமும் செங்கல்லைப் பிடிக்குமாறு ஆணியடித்த பிறகே பொதுப் பூச்சு தொடங்கியது. காடியில் நிரப்பிய கலவையும் சுவர்ப் பூச்சும் வெவ்வேறு கனத்தில் காய்ந்து சுருங்குவதால், வலை இல்லாத இடத்தில் பைப் போன வழியே மயிரிழை விரிசல் விழுவது வழக்கம். பாக்ஸ்களின் வாயைத் தெர்மோகோல் துண்டால் அடைத்தது அற்பமான வேலையாகத் தோன்றலாம். உள்ளே இறுகிய கலவையைச் சுரண்டி எடுக்கும் கூலியை நினைத்தால் அப்படித் தோன்றாது.

வயரை மட்டும் பூச்சுக்கு முன் இழுக்க நான் சம்மதிக்கவில்லை. பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர் விட வேண்டும். அந்த ஈரம் பாக்ஸ்களுக்குள் இறங்கும், கரண்டியின் முனை வயரில் படும். சுவர் காய்ந்த பின் வயர் இழுத்து, பட்டி, பிரைமர், முதல் பூச்சு பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகே சுவிட்சுகளை மாட்டினோம். மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் பைப்பைப் புதைக்க வழியில்லாததால், மின்விசிறிக்கான பைப் மட்டும் உத்தரத்தின் பக்கவாட்டில் வெளியே தெரியும்படி ஓடுகிறது. அது எனக்கு உறுத்தலாகத் தெரியவில்லை.

சென்னை, மேற்கு மாம்பலத்திலிருந்து:

கும்பகோணத்து நண்பர் சொன்ன வரிசை, பூச்சை முழுவதும் எடுக்கும் வீட்டுக்குப் பொருந்தும். எங்கள் அடுக்குமாடி வீட்டில் பூச்சு உறுதியாகவே இருந்ததால், அதைத் தட்டாமல் காடி மட்டும் வெட்டினோம். மட்டப் பொட்டுக்கு அங்கே வேலையே இல்லை. இருக்கும் பூச்சே மட்டம். கட்டிங் மெஷினால் இரண்டு கோடுகள் இழுத்துவிட்டு, இடைப்பட்டதை மட்டும் உளியால் எடுக்கச் சொன்னதால் ஓரங்கள் சிதறவில்லை.

எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. அறைகளுக்கு நடுவே இருப்பவை நாலரை அங்குலச் சுவர்கள். கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1905, நேர்க்குத்தான காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், படுக்கைவாட்டுக் காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் மிஞ்சக் கூடாது என்கிறது. 115 மி.மீ. சுவருக்கு ஆறில் ஒரு பங்கு என்றால் சுமார் 19 மி.மீ.தான், 20 மி.மீ. பைப்கூட அதில் அடங்காது. ஆகவே படுக்கைவாட்டு ஓட்டங்கள் அனைத்தையும் பொய்க்கூரைக்கு மேலே கொண்டுபோய், ஒவ்வொரு பாயிண்டுக்கும் மேலிருந்து நேராக இறக்கினோம். ஒரே சுவரின் இருபுறமும் பாக்ஸ்கள் முதுகோடு முதுகாக வராதபடி, ஒன்றைச் சற்றே தள்ளியும் வைத்தோம். பைப் செலவு கூடியது, சுவர் பிழைத்தது.

வயரிங் தொழில் செய்பவன் எழுதுகிறேன்:

மேலே இருவர் சொன்னவற்றோடும் எனக்கு உடன்பாடுதான். நான் வேலை பார்த்த வீடுகளில் பாதித் தகராறு வரிசையால் வருவதில்லை. காடியை மூடுவது யார் கூலியில் சேரும் என்பதை முன்பே பேசாததால்தான் வருகிறது. கொத்தனார் அது எலக்ட்ரீஷியன் வேலை என்பார், நாங்கள் அது பூச்சு வேலை என்போம். இரண்டு நாள் கழித்து ஒரு சித்தாள் கையில் கிடைத்த கலவையைத் திணித்துவிட்டுப் போவார். இதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காடியை மூடுவதற்கு முன், அளவு டேப்பைச் சுவரில் பிடித்தபடி எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பின்னால் படம் மாட்ட ஆணியடிக்கும்போது தேவைப்படும்.

தண்ணீர் விடும் நாட்களில் பழைய லைன் உயிரோடு இருக்கவே கூடாது. மெயினிலிருந்து, மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்த தற்காலிக போர்டு ஒன்றை அமைத்து, மெஷின்களுக்கு அதிலிருந்து மட்டுமே கரண்ட் எடுங்கள். வயர் இழுத்ததும் பட்டி பார்ப்பதற்கு முன்பே இன்சுலேஷனை அளக்கும் கருவியான மெக்கர் வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷனைச் சோதிக்கச் சொல்லுங்கள். பெயிண்டுக்குப் பின் பழுது தெரிந்தால் சுவரைத் தொடவே யாருக்கும் மனம் வராது.

பூச்சு முடிந்த பிறகு எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஏ.சி. அதற்கு 4 சதுர மி.மீ. வயருக்கான பைப் மட்டும் போட்டுவிட்டு, தண்ணீர் வடியும் பைப்பை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பைப் வெளிச்சுவர் வரை சரிவாக இறங்க வேண்டும் என்பதால், செங்கல் தெரியும்போதே அதற்கும் காடி வெட்டியாக வேண்டும்.