ஈவ் மியூர்ஹெட் ஜெயித்தது திறமையாலா, குடும்பத்தாலா?

செவலைக்காளை:
கர்லிங் (ஐஸ் மேல் கல்லைத் தள்ளி, அது போகும் வழியைத் துடைப்பத்தால் தேய்த்து, வட்ட இலக்கில் நிறுத்தும் ஆட்டம்) என்று பேச்செடுத்தாலே ஸ்காட்லாந்தின் ஈவ் மியூர்ஹெட்டைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். 2022 பெய்ஜிங்கில் பிரிட்டனுக்குத் தங்கம் வாங்கித் தந்தார், மறுக்கவில்லை. ஆனால் பின்னணியையும் பாருங்கள். அப்பா கார்டன், 1999-ல் உலகப் பட்டம் வென்ற ஸ்காட்லாந்து அணியில் இருந்தவர். அண்ணன் கிளென், தம்பி தாமஸ் இருவருமே 2018 ஒலிம்பிக்கில் பிரிட்டன் ஆண்கள் அணியில். அந்த அணியின் கேப்டன் கைல் ஸ்மித்தும் அவருடைய தம்பி கேமியும் 1991 உலக சாம்பியன் டேவிட் ஸ்மித்தின் பிள்ளைகள். ஐந்து பேர் அணியில் நாலு பேர் இரண்டே வீட்டுக்காரர்கள்! நம்ம சினிமாவில் இப்படி நடந்தால் வாரிசு என்று கிழிக்கிறோம். அங்கே நடந்தால் பாரம்பரியமா?

வழிப்போக்கன்:
நல்லா உருட்டுறீங்க நண்பரே. வாரிசு நடிகருக்கு அப்பா படம் எடுத்துக் கொடுக்கலாம். சுமார் 20 கிலோ கிரானைட் கல்லை ஒலிம்பிக்கில் அப்பா வந்து தள்ளிவிட முடியுமா? 2007, 2008, 2009, 2011 என நாலு உலக ஜூனியர் பட்டம். 2013-ல் ரீகாவில் உலக சாம்பியன். 2014 சோச்சியில் கேப்டனாக வெண்கலம், அப்போது வயது 23. கோல்ஃபும் பிரமாதமாக ஆடுவார்; அமெரிக்கக் கல்லூரிகள் உதவித்தொகையோடு கூப்பிட்டும் போகவில்லை. சொகுசுப் பாதை வேண்டுமென்றால் அதுதானே?

செவலைக்காளை:
ஜூனியர் பட்டம் எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வியே. பிளேர் அத்தோலில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிற எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் உலக சாம்பியன் ஒருவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆட்டம் சொல்லித் தருவாரா? அப்புறம் 2010 வான்கூவரில் 7-ஆம் இடம். 2018 வெண்கல ஆட்டத்தில் கடைசிக் கல்லைக் கோட்டை விட்டு ஜப்பானிடம் 5-3 தோல்வி. வேறு வீட்டுப் பெண்ணுக்கு இத்தனை வாய்ப்பு தருவார்களா?

ஐஸ்கட்டி:
கடைசிக் கல் பற்றி இவ்வளவு லேசாக எழுதாதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன் ஐஸ் மேல் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து உறைய வைப்பார்கள். அந்தப் பொடி மேடுகள் மேல்தான் கல் போகும். கல் ஓட ஓட, துடைப்பம் தேய்க்கத் தேய்க்க அவை மழுங்கும். முதல் சுற்றில் வளைந்த அதே தடத்தில் பத்தாவது சுற்றில் கல் வேறு மாதிரி போகும். கை விட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது; சக ஆட்டக்காரர்கள் தேய்ப்பதைப் பார்த்துக் கத்தலாம், அவ்வளவுதான். 2018-ல் அந்தக் கடைசிக் கல்லில் ஈவ் இரண்டு புள்ளி எடுத்து ஜெயிக்கப் பார்த்தார், கல் ஏமாற்றிவிட்டது. 2014 வெண்கல ஆட்டத்தில் சுவிட்சர்லாந்தை 6-5 என்று முடித்ததும் இவருடைய கடைசிக் கல்தான். அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் அறுவை சிகிச்சை. 2021 உலகப் போட்டியில் 8-ஆம் இடம், பெய்ஜிங்குக்கு நேரடி வாய்ப்பு போச்சு. அணியைக் கலைத்து, ஒன்பது பேரைச் சேர்த்து வைத்து அதிலிருந்து ஐந்து பேரைப் பொறுக்கினார்கள். நெதர்லாந்தின் லீவார்டனில் தகுதிப் போட்டி ஆடித்தான் உள்ளே நுழைந்தார்கள். பெய்ஜிங்கிலும் முதல் கட்டத்தில் ஐந்து வெற்றி, நாலு தோல்வி. கனடாவுக்கும் அதே கணக்கு, ஆனால் அவர்கள் வெளியே, இவர்கள் அரையிறுதிக்கு உள்ளே. அரையிறுதியில் ஸ்வீடன் முதல் சுற்றிலேயே 4-0. அங்கிருந்து கூடுதல் சுற்று வரை இழுத்து 12-11! இறுதியில் அதே ஜப்பானை 10-3. இதில் அப்பா எங்கே வருகிறார்?

செவலைக்காளை:
அப்பா வரவில்லை, சரி. அந்த பெய்ஜிங் அணியின் ஐந்தாவது ஆள் மிலி ஸ்மித் யார் மகள்? நான் மேலே சொன்ன அதே டேவிட் ஸ்மித்! :)

வழிப்போக்கன்:
மிலி மாற்று ஆட்டக்காரர். அதே அணியின் விக்கி ரைட் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர், அவரைப் பற்றி ஒரு வரி காணோம்.

யாழினி:
அண்ணன்மாரே, தென்கொரியாவின் உய்சோங்கை யாருமே எடுக்கவில்லையே? பூண்டுக்குப் பெயர்போன வட்டாரம். 2006-ல் அங்கே கர்லிங் அரங்கம் திறந்தார்கள். கிம் உன்-ஜுங்கும் தோழிகளும் பள்ளியில் படிக்கும்போது போய் விளையாட ஆரம்பித்தவர்கள், யாரும் சாம்பியன் வீட்டுப் பிள்ளை இல்லை. 2018-ல் அரையிறுதியில் ஜப்பானை வீழ்த்தி வெள்ளி வாங்கினார்கள். ஈவ் வெறுங்கையோடு திரும்பிய அதே ஒலிம்பிக். பக்கத்தில் ஐஸ் இருந்தால் போதும் போல.

செவலைக்காளை:
யாழினி, நான் சொல்வதும் அதுதானே! உய்சோங்கில் வாசலைத் திறந்தது ஊர் அரங்கம். இங்கே அப்பா.

வழிப்போக்கன்:
அப்படியென்றால் கோபத்தை அரங்கம் கட்டாதவர்கள் மேல் காட்டுங்கள். கிடைத்த ஐஸை வீணாக்காமல் ஆடிய பெண் மேல் ஏன்? ஓய்வு பெற்றவரைக் கூப்பிட்டு 2026 மிலான்-கோர்ட்டினாவுக்கு பிரிட்டன் குழுவின் தலைமைப் பொறுப்பையும் கொடுத்தார்கள். அதற்கும் அப்பாதான் சிபாரிசு என்பீர்களோ?

செவலைக்காளை:
அதைச் சொல்லவில்லை. 1999 அணியின் கேப்டன் ஹேமி மெக்மில்லன். 2022-ல் வெள்ளி வாங்கிய பிரிட்டன் ஆண்கள் அணியில் அவர் மகன், பெயரும் அதே ஹேமி. அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டன் வாங்கியதே இரண்டு பதக்கம், இரண்டும் கர்லிங். இரண்டு அணியிலும் 1999 அணிக்காரர்களின் பிள்ளைகள். இதுவும் தற்செயலா? ஐஸ்கட்டி பதில் சொல்லட்டும்.

ஐஸ்கட்டி:
தற்செயல் இல்லைதான். ஆனால் அப்பா ஹேமியும் கார்டனும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியதில்லை. ஈவ் வாங்கினார்.