அம்மாவோடு அமர்ந்து பார்க்க, சமையலும் குடும்ப உறவும் சார்ந்த ஒரு நல்ல படம் சொல்லுங்கள்

செம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மும்பை செம்பூரில் வசிக்கிறோம். அப்பா காலமான பின் நாகர்கோவில் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா எங்களோடு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்றவர், இங்கு வந்த பிறகு ஒரு நாள்கூடக் கரண்டியைத் தொடவில்லை. நான் எதை வைத்தாலும், உப்புக் கூடுதல், புளி குறைவு என்று ஒரு சொல்லும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். அவரை மறுபடியும் சமைக்க வைக்க வேண்டும் என்பது என் எண்ணமன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரும் நானும் பதினான்கு வயதான என் மகளும் சேர்ந்து, மனம் குளிரும்படியாக ஒரு படம் பார்க்க விரும்புகிறேன், அவ்வளவே.

அம்மாவுக்கு இந்தி தெரியாது. சப்டைட்டில் ஓடும் வேகத்துக்குப் படிக்கவும் இயலாது. மலையாளம் நன்றாகப் புரியும். இன்னொன்றும் உண்டு. பெண் என்றால் ஆக்கிப்போடவே பிறந்தவள் என்று புகழ்ந்து முடிக்கும் படத்தை என் மகளுக்குக் காட்ட எனக்கு மனமில்லை.

முலுண்டு ரசிகர் எழுதியது:

மும்பைக்காரர்களிடம் இக்கேள்வியைக் கேட்டால் பெரும்பாலோர் 2013இல் ரித்தேஷ் பத்ரா இயக்கிய ‘தி லஞ்ச்பாக்ஸ்’ படத்தைத்தான் சொல்வார்கள். அது எனக்கும் மிகவும் பிடித்த படம். ஆனாலும் உங்கள் வீட்டுக்கு இப்போது அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டப்பாவாலாவின் கையில் இடம் மாறிப்போகும் சாப்பாட்டு அடுக்கின் வழியே இருவர் பழகுகிறார்கள்; ஆனால் அவர்களுள் ஒருவர் மனைவியை இழந்தவர், மற்றவர் கணவன் அருகிலிருந்தும் தனித்துவிடப்பட்டவர். அந்தத் தனிமை படம் முடிந்த பிறகும் நெஞ்சைவிட்டு நீங்காது.

கௌரி ஷிண்டே இயக்கி 2012இல் வந்த ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ உங்களுக்கு ஏற்றதாக இருக்கும். அது தமிழிலும் வெளியானது என்பதால் மொழித் தொல்லை இல்லை. விமானக் காட்சியில் இந்தியில் அமிதாப் பச்சன் வருமிடத்தில் தமிழில் அஜித் குமார் வருகிறார். லட்டு செய்து விற்கும் பெண்ணாக ஸ்ரீதேவி நடித்திருக்கிறார். அவருடைய கைப்பக்குவத்தை மெச்சும் வீட்டாரே அவருக்கு ஆங்கிலம் வராததை ஏளனம் செய்கிறார்கள். ஆங்கில வகுப்பின் தேர்வு நாளன்று, திருமணத்துக்காகச் செய்துவைத்த லட்டுகள் கீழே கொட்டிவிட, அவர் தேர்வை விட்டுவிட்டு மறுபடியும் லட்டு பிடிக்க உட்காருகிறார். அதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. தன் கைவேலையின் மேல் ஒருவருக்கு இருக்கும் மதிப்பு என்றே கருதுகிறேன். உங்கள் மகளோடு பேசுவதற்கு இக்காட்சி ஒன்றே போதும்.

கோழிக்கோட்டில் படித்தவர் எழுதியது:

மலையாளம் புரியும் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததுமே ‘உஸ்தாத் ஹோட்டல்’ நினைவுக்கு வந்துவிட்டது. அஞ்சலி மேனனின் எழுத்தில் அன்வர் ரஷீத் இயக்கி 2012இல் வெளியான படம். சமையற்கலை படிக்கச் சென்றதை வீட்டுக்கு மறைத்த பேரன், உண்மை வெளிப்பட்டதும் தந்தையின் சினத்துக்கு ஆளாகி, கோழிக்கோட்டுக் கடற்கரையில் சிறிய உணவகம் நடத்தும் தாத்தாவிடம் வந்து சேருகிறான். இதில் அடுப்படி ஆண்களின் இடம் என்பதால் உங்கள் இரண்டாவது தயக்கத்துக்கும் வழியில்லை. படித்து வந்தவன் என்பதற்காகத் தாத்தா அவனை உடனே அடுப்பருகில் விட்டுவிடுவதில்லை. எடுபிடி வேலைகளைச் செய்யவைத்த பிறகே கரண்டியைத் தருகிறார். பிற்பகுதியில் அவனை மதுரைக்கு அனுப்புகிறார். பசித்தவருக்குச் சோறிடுவது என்றால் என்ன என்பதை அவன் அங்கேதான் கண்ணால் காண்கிறான்.

தாத்தாவாக வாழ்ந்திருக்கும் திலகன் படம் வெளியாகிய சில மாதங்களிலேயே மறைந்தார். அவர் பால் சேர்க்காத சுலைமானித் தேநீரைப் பற்றிப் பேசும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தொடக்கத்தில் அந்தப் பிள்ளையின் தாய் இறந்துபோகிறார். படம் அதை விரைவாகக் கடந்துவிடுகிறது. எனினும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

தாராவி ஆசிரியை எழுதியது:

முலுண்டு நண்பரின் கருத்திலிருந்து நான் சற்று மாறுபடுகிறேன். துயரமே தலைகாட்டாத படம்தான் துயரத்தில் இருப்பவருக்கு ஏற்றது என்று சொல்லிவிட முடியாது. 1994இல் ஆங் லீ இயக்கிய ‘ஈட் டிரிங்க் மேன் வுமன்’ படத்தில், மனைவியை இழந்த தைபே நகரத்துச் சமையற்கலைஞர் ஒருவர் ஞாயிறுதோறும் தம் மூன்று மகள்களுக்கு விருந்து சமைக்கிறார். அவருக்கோ நாவில் சுவை தெரிவதில்லை. மகள்களும் மனத்தில் உள்ளதைச் சொல்லாமல் அந்த விருந்தை ஒரு கடமையாகவே உண்கிறார்கள். அடுத்த வீட்டுச் சிறுமிக்கு அவர் பள்ளிச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் காட்சிகள் என்னை மிகவும் நெகிழவைத்தன. இறுதியில், சமைக்க ஆசைப்பட்டும் தந்தையால் அடுப்படியிலிருந்து விலக்கப்பட்ட இரண்டாவது மகள் வைத்த சூப்பைக் குடிக்கும்போதுதான் அவருக்குச் சுவை திரும்புகிறது. சீன மொழிப் படம்தான். நீங்கள் அருகில் அமர்ந்து கதை சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் மீன் அறுப்பதிலிருந்து தொடங்கும் அந்த முதற்காட்சிக்கு எந்த மொழியும் தேவையில்லை.

செம்பூர்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சென்ற ஞாயிறன்று ‘உஸ்தாத் ஹோட்டல்’ பார்த்தோம். முன்கூட்டியே எச்சரித்தது பேருதவியாக இருந்தது. அந்த இடத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிரியாணிக் காட்சி வந்தபோது படத்தை நிறுத்தச் சொல்லி, அந்த ஊரில் அதற்குப் பொடி அரிசிதான் போடுவார்கள், நீள அரிசி போடமாட்டார்கள் என்று பேத்தியிடம் விளக்கத் தொடங்கினார். அப்பா கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையிலிருந்து அந்த அரிசியை ஒரு முறை வாங்கி வந்த கதையும் அதோடு வந்தது. எனக்கே தெரியாத கதை அது. ஆசிரியை அவர்கள் சொன்ன படத்தை அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறோம். கதை சொல்லும் பொறுப்பை மகள் ஏற்றுக்கொண்டாள்.

நேற்று, தேங்காயை வறுத்தரைத்துச் சின்ன வெங்காயம் போட்டு நான் வைத்த உள்ளித்தீயலை ஒரு வாய் உண்டதுமே, தேங்காய் சரியாகச் சிவக்கவில்லை என்றார் அம்மா.