டிக்கி தானா இறங்குது: கேஸ் ஷாக் மாத்தினவங்க சொல்லுங்க

தண்டையார்பேட்டை:
ஹேட்ச்பேக். காலையில கையை விட்டா டிக்கி இறங்குது, மத்தியானம் நிக்குது. டிக்கியைத் தூக்கிப் பிடிக்கிற ஷாக்கா, கீலா?

ராயபுரம்:
ஷாக்தான். உள்ள அடைச்சிருக்கிறது நைட்ரஜன். 10 டிகிரி சூடு ஏறினா அழுத்தம் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல ஏறும். பலம் குறைஞ்ச ஷாக்குக்கு அந்த ஏத்தமே முட்டுக்கொடுத்துடும். அதனால வெயில்ல பார்த்துட்டு "நல்லாத்தானே இருக்கு"ன்னு யார் சொன்னாலும் எடுத்துக்காதீங்க. விடியற்காலையில முக்கால்வாசி தூக்கி விட்டுப் பாருங்க. ஷாக் குழாய்ல இருந்து வெளிய நீளுற கம்பியில எண்ணெய் வளையம் தெரிஞ்சா, வாயுவை அடைச்சு வைக்கிற சீல் போச்சுன்னு அர்த்தம். வளையம் இல்லேன்னாலும் வாயு மட்டும் கசிஞ்சிருக்கலாம். ஒண்ணு போனா ரெண்டையும் மாத்துங்க. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா டிக்கி முறுக்கிக்கும், பூட்டு நேரா உட்காராது.

வியாசர்பாடி:
கண்ணால பார்த்து "இதே மாதிரி குடுங்க"ன்னு வாங்குறதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம். பழைய குழாய் மேல நியூட்டன் கணக்கு அச்சடிச்சிருக்கும், 350, 400ன்னு. 10 நியூட்டன்னா ஏறக்குறைய 1 கிலோ தள்ளு. கூடவே மூணு அளவு எடுங்க: முழுசா நீண்டு இருக்கும்போது, ரெண்டு முனையையும் வண்டியில பிடிச்சிருக்கிற உருண்டைக் குண்டுகள்ல ஒண்ணோட நடுவுல இருந்து இன்னொண்ணோட நடு வரைக்கும் நீளம், கம்பி உள்ள போற தூரம், ஷாக் முனையில இருக்கிற கப்புக்குள்ள போற குண்டோட விட்டம். நீளம் கூடினா டிக்கி மேல ஏறிக் கூரையை இடிக்கும். உள்ள போற தூரம் குறைஞ்சா இன்னும் மோசம்: மூடுறப்ப ஷாக் தட்டி நிக்கும், அதுமேல அழுத்தினா தகடு வளையும், கண்ணாடியே விரியலாம்.

எழுத்து அழிஞ்சிருந்தா கணக்குப் போடலாம். டிக்கி 15 கிலோ, திறந்திருக்கிறப்ப கீலுக்கும் எடையோட மையத்துக்கும் கிடைவாட்டுல 45 சென்டிமீட்டர், கீல்ல இருந்து ஷாக் கோட்டுக்கு செங்குத்தா 20 சென்டிமீட்டர்னு வைங்க. 15 × 9.8 × 0.45 = 66 (9.8 கிலோவை நியூட்டன் ஆக்குறதுக்கு). அதை 0.20ஆல வகுத்தா 331. ரெண்டு ஷாக், அப்போ ஒண்ணுக்கு 165. இருபது சதவீதம் கூட்டினா 200 நியூட்டன் வரும். பின்னாடி ஸ்பாய்லர் மாட்டின வண்டின்னா அந்த எடையையும் சேர்த்துக்கணும். "கொஞ்சம் பலமா இருக்கட்டுமே"ன்னு ரொம்ப மேல போகாதீங்க, மூடுறதுக்கு ஓங்கி அடிக்க வேண்டியிருக்கும், ஷாக் பிடிச்சிருக்கிற இடத்துல தகடு உப்பும். அப்புறம் டிங்கரிங் செலவு.

காசிமேடு:
மாத்துறது அரை மணி நேர வேலை. எக்ஸ்பிரஸ்வே ஓரமா காத்துல நிறுத்திச் செய்யாதீங்க, திறந்த டிக்கி பாய்மரம் மாதிரி. பிடிக்க ஒரு ஆள் வேணும். இல்லேன்னா கட்டையோட முனையில பனியன் வேஸ்ட் சுத்தி, பூட்டுக்குப் பக்கத்து இரும்பு விளிம்புல முட்டுக்கொடுங்க. கண்ணாடியில வைக்காதீங்க.

ஒரு பக்கம் கழட்டி, புதுசை மாட்டிட்டு அப்புறம் மறுபக்கம். முனையில ஒரு வில் கம்பி இருக்கும். சின்ன மைனஸ் ஸ்க்ரூடிரைவர் விட்டு 3, 4 மில்லிமீட்டர் தூக்கினா போதும், முழுசா உருவினா எகிறிப் போய் பம்பர் இடுக்குல விழும். கப்பை நேரா இழுங்க. சாய்ச்சு நெம்பினா குண்டோட மரைத்தண்டு வளைஞ்சுடும். குண்டு துருவேறிச் சொரசொரன்னு இருந்தா அதையும் மாத்திடணும், நம்ம உப்புக்காத்துக்கு இது சகஜம். துடைச்சுட்டு கப்புக்குள்ள பட்டாணி அளவு கிரீஸ். புதுசை நேரா அழுத்தினா 'டிக்'குன்னு உட்காரும், ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்குங்க.

மூடின நிலையில கம்பி கீழ பார்த்து இருக்கணும். உள்ள இருக்கிற கொஞ்சம் எண்ணெய் அப்பத்தான் சீலை நனைச்சு வைக்கும். கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கிட்டா குழப்பம் வராது.

தண்டையார்பேட்டை:
கம்பிக்கு எண்ணெய் போடலாமா அண்ணே?

காசிமேடு:
வேணாம் தம்பி. எண்ணெய்ல மண் ஒட்டும், மூடுறப்ப அந்த மண்ணு சீலை ராவும். மீன் கூடை ஏத்த டிக்கியை மணிக்கணக்கா திறந்து வைக்கிற வண்டியில சீல் சீக்கிரம் போறது இதனாலதான். கம்பி அப்பத்தான் வெளியில நிக்குது. மூடுறதுக்கு முன்னாடி காஞ்ச துணியால ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

மணலி:
பானெட்டுக்கும் இதே கணக்குதான். ஆனா கம்பியால முட்டுக்கொடுக்கிற பானெட்டுக்கு வெளிக்கடை ஷாக் கிட் மாட்டுறவங்க கவனிங்க. கீல் போல்ட்டைக் கழட்டி பிராக்கெட் சேர்க்கிற கிட்டுன்னா, முதல்ல போல்ட் தலையைச் சுத்தி மார்க்கர்ல கோடு போட்டுக்குங்க. இல்லாட்டி பானெட் இடைவெளி ஒரு பக்கம் விரல் நுழையும், ஒரு பக்கம் உரசும். பழைய முட்டுக்கம்பியைத் தூக்கிப் போடாதீங்க.

திருவொற்றியூர்:
பழைய பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டையில பழைய ஷாக் கிடைக்கும், மிச்சம் எவ்வளவு அழுத்தம்னு தெரியாது. எடை பார்க்கிற மெஷின் மேல மரக்கட்டை வச்சு, கம்பி முனையை அதுல ஊன்றி அமுக்கினா, 400 நியூட்டன் ஷாக் 40 கிலோ கிட்ட காட்டணும். நழுவினா முகத்துக்கு வரும், தள்ளி நின்னு செய்யுங்க. கழட்டினதைக் காயலான் கடையில போடுறப்ப "கேஸ் ஷாக், நெருப்பு வச்சு கட்டிங் பண்ணாதீங்க"ன்னு சொல்லிக் குடுங்க. பானெட்டே ஏறாத அளவுக்குச் செத்துப்போன ஷாக்குலயும் வாயு மிச்சம் இருக்கும், சூடு பட்டா குழாய் வெடிக்கும்.