அயர்லாந்தில் கண்ட அஞ்சாங்கல்

அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கிளேர் மாவட்டத்தில், சிற்றூர் ஒன்றின் முதியோர் இல்லத்தில் நான் செவிலியாகப் பணிபுரிந்தபோது நடந்தது இது. 2016ஆம் ஆண்டுக் கோடையில், எண்பத்தெட்டு வயதான மூதாட்டி ஒருவர் தோட்டத்துப் பாதையிலிருந்து ஐந்து கூழாங்கற்களைப் பொறுக்கி வரச் சொன்னார். கொண்டுபோனவற்றுள் இரண்டைக் கைக்கு அடங்காதவை என்று ஒதுக்கிவிட்டு, வேறு கேட்டார். பிறகு ஒரு கல்லை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் மேசைமேல் கிடந்த மற்றொன்றை வாரியெடுத்து, இரண்டையும் ஒரே கையில் பிடித்தார். மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்திருந்தும் இரண்டிரண்டாக எடுக்கும் சுற்றுவரை தவறவேயில்லை. ‘ஜாக்ஸ்டோன்ஸ்’ என்பது அதன் பெயராம். ஐந்தையும் வீசிப் புறங்கையில் ஏந்துவது உட்பட, நான் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆடிய அஞ்சாங்கல்லேதான். நம்மிடமிருந்துதான் அங்கே போயிருக்கும் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லும் ஓய்வும் உள்ள எந்தப் பிள்ளைக்கும் இது தோன்றக்கூடியதுதான்.

அவர் சிறுமியாக இருந்த காலத்தில், 1937 முதல் 1939 வரை, ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் கிராமப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு ஊர்க்கதைகள், வைத்திய முறைகள், விளையாட்டுகள் ஆகியவற்றை எழுதச் செய்தது. ஏறத்தாழ 50,000 பிள்ளைகள் பங்கேற்ற அந்தத் தொகுப்பை இன்று இணையத்திலேயே படிக்கலாம். பீப்பாய் வளையத்தைக் குச்சியால் தட்டி ஓட்டுவது, குதிரைக் கஷ்கொட்டையில் துளையிட்டுக் கயிற்றில் கோத்து எதிராளியின் கொட்டை உடையும்வரை மாறி மாறி அடிப்பது போன்றவை அதில் நிறைய உண்டு. கொட்டை கெட்டிப்பட வேண்டுமென்று தம் அண்ணன் அதை அடுப்பில் சுட்டதையும், அம்மாவிடம் அகப்பட்டதையும் மூதாட்டி சொல்லிச் சிரித்தார். அவருடைய அக்காளும் விளையாட்டுகளைப் பற்றி எழுதிக் கொடுத்தாராம். ஆனால், நன்றாக எழுதப்பட்டவற்றை மட்டுமே ஆணையத்துக்கு அனுப்பும் பெரிய ஏட்டில் படியெடுத்தார்கள். தம்முடையது அதில் ஏறவில்லை என்ற மனக்குறை அக்காளுக்குக் கடைசிவரை இருந்ததாம்.

*

மேலே எழுதியவரின் அனுபவத்தோடு என்னுடையதையும் சேர்க்கிறேன். கார்க் நகருக்கு வெளியே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் காரை ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். விபத்து என்று அஞ்சினேன். சாலையிலேயே குண்டெறிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. 28 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 800 கிராம் எடையுள்ள இரும்புக் குண்டை ஓடிவந்து எறிந்து, குறைந்த எறிகளில் எல்லையைக் கடப்பவரே வெல்வார். வளைந்த சாலையில் குறிவைக்க வேண்டிய இடத்தைக் காட்ட, பிடுங்கிய புல்கற்றை ஒன்றை நடுச்சாலையில் வைக்கிறார்கள். பெரியவர்கள் முன்னே நகர்ந்ததும், பின்னால் நின்ற இரண்டு சிறுவர்கள் தாங்களும் ஒரு பிடி புல்லைப் பறித்து வைத்துவிட்டு, டென்னிஸ் பந்தோடு ஓடிவந்தார்கள். அந்தப் பந்து என் காருக்கு அடியில் போய்விட்டதால், அவர்கள் அதை எடுக்கும்வரை இன்னும் சிறிது நேரம் காத்திருந்தேன்.