அரசைத் திட்டினால் நாட்டுப்பற்று இல்லையா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

திருப்பூரிலிருந்து:

நானே ஆரம்பிக்கிறேன். 2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது எங்கள் பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டில் 14 டெய்லர்கள் இருந்தார்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம். பெட்டியில் இருந்ததெல்லாம் பழைய 500. வங்கியில் எடுக்கலாம் என்றால் வாரத்துக்கு 20,000தான் உச்சவரம்பு. ஆளுக்கு 1000 இப்போது, மீதி அப்புறம் என்று சொன்னேன். ஒடிசா பையன் ஒருவன் எதுவும் பேசாமல் அந்தப் பணத்தை மூன்று தடவை எண்ணினான்.

அடுத்த வாரம் பெரியப்பாவோடு வங்கி வரிசையில் நின்றேன். அவர் 17 வருஷம் ராணுவத்தில் இருந்தவர், பென்ஷன் எடுக்க வந்திருந்தார். புது 2000 நோட்டு அளவில் சின்னது, ஏ.டி.எம். தட்டில் உட்காரவில்லை, ஒவ்வொரு மெஷினாகத் திறந்து தட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். "அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தராவது அளந்து பார்த்திருக்க மாட்டாங்களா?" என்று சத்தமாகவே கேட்டேன். பின்னாலிருந்து ஒருவர், "எல்லையில ஜவான் நிக்கறாங்க. உங்களுக்கு ரெண்டு மணி நேரம் நிக்க முடியாதா?" என்றார்.

பெரியப்பா திரும்பினார். "நான் அங்க நின்னவன்தான் கண்ணு. பருப்பு வேகலைன்னா அங்கயும் திட்டுவோம்."

அந்த ஆள் எந்த ரெஜிமென்ட் என்று கேட்கப்போய், கவுன்ட்டர் வரும்வரை இருவரும் அதையே பேசினார்கள். என் கோபத்தைக் கேட்க ஆளில்லை!

குடும்பக் குரூப்பில்தான் சித்தப்பா மகன் என்னைத் தேசத்துரோகி என்றான். கொஞ்ச நாளில் சினிமா தியேட்டரில் தேசிய கீதம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தது. கதவுகளும் மூடியிருக்க வேண்டும் என்றார்கள். அவனோடு ஒரு படத்துக்குப் போயிருந்தோம். நான் எழுந்து நின்று, வழக்கம்போல் கண் கலங்கி, முழுசாகப் பாடினேன். அவன் வெளியே பாப்கார்ன் வரிசையில் மாட்டிக்கொண்டான். 2018 ஆகஸ்டில் 99.3 சதவீத நோட்டு திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கியே சொன்னது. அதைக் குரூப்பில் போட்டேன். பதிலுக்கு ஒரு குட் மார்னிங் ரோஜா வந்தது.

கிளிநொச்சியிலிருந்து:

அக்கா, உங்களுக்கு நோட்டு, எங்களுக்குப் பசளை, நீங்கள் உரம் என்பீர்கள். 2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டினார்கள். நாங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிறோம். மாரிகால நெல்லான பெரும்போகத்தில் பயிர் மஞ்சள் பத்தி நின்றது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அதற்குப் பிறகு வாங்கப் பசளையும் இல்லை, காசும் இல்லை.

ஆனால் "என்ர நாடு" என்று சொல்லுறது எங்களுக்கு உங்களைப்போல் லேசான விஷயம் இல்லை. சண்டைக் காலத்தில் வளர்ந்த பிள்ளை நான். 2022இல் கொழும்பு காலிமுகத்திடலில் அரசுக்கு எதிராகப் போராடியவர்கள் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். 2020 சுதந்திர தின விழாவில் அந்தத் தமிழ்ப் பாட்டை விட்டுவிட்டவர்கள்மேல் எனக்கு இருந்த கோபம் போகவில்லை. ஆனால் அந்தக் காலிமுகத்திடல் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாய் தானாகக் கூடப் பாடியது. என்ர மனிசி பக்கத்தில் இருந்தவள், ஒன்றும் கேட்கவில்லை. அதை அன்பு என்பீர்களோ என்னவோ, நான் இன்னும் பெயர் வைக்கவில்லை.

அபுதாபியிலிருந்து:

என் கதை கொஞ்சம் வெட்கக்கேடு. அதே நோட்டு விஷயத்தை ரூமில் இரண்டு நாள் தொண்டை வறள வறளத் திட்டினேன். மூன்றாவது நாள் சைட்டில் வேற்று நாட்டுக்காரர் ஒருவர், "உங்க ஊர்ல காசையே ராத்திரியோட ராத்திரியா குப்பையாக்கிட்டாங்களாமே" என்று சிரித்தார். அவ்வளவுதான், கறுப்புப் பணம், டிஜிட்டல் என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். எனக்கே நம்பிக்கை இல்லாத வாதம். வீட்டுச் சண்டையைத் தெருவில் போகிறவன் பஞ்சாயத்து பண்ணினால் வருமே, அந்த எரிச்சல்.

ராத்திரி பாஸ்போர்ட் உறையைத் திறந்தால் உள்ளே 3 பழைய 500. ஊரில் இறங்கியதும் டாக்சிக்கு என்று எடுத்துவைத்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் பிறகும் மாற்றலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். அதற்கு ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கே போகவேண்டும், எனக்கு லீவு கிடைக்கவில்லை. இன்னமும் உறைக்குள்தான் இருக்கிறது. சட்டப்படி 10 நோட்டு வரை வைத்துக்கொள்ளலாமாம்.