புதுப்பிப்பு: பாப்பாவின் வயிற்றுப்போக்குக்குக் காரணம் தெரிந்துவிட்டது

ஆறு வயது மகளுக்குப் பன்னிரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். "ஒரு தடவை பார்த்தால் போதாது, வேறு வேறு நாளில் மூன்று மாதிரி கொடுங்கள்" என்று சொன்ன அக்காவுக்குக் கோடி நன்றி. மூன்றாவதில்தான் ஜியார்டியா சிக்கியது.

இந்த ஒட்டுண்ணி எல்லா நாளும் மலத்தில் வெளிவராது. முதல் தடவை தப்பியது அப்படித்தான். ரத்தமில்லை, காய்ச்சலில்லை; பிசுபிசுவென்று துர்நாற்றமான மலம், வயிற்று உப்புசம். இப்போது யோசித்தால் எல்லாம் அதன் அடையாளம். உள்ளே போய் 1 முதல் 2 வாரம் கழித்துத்தான் தொந்தரவு தொடங்குமாம். முந்தின நாள் பானிபூரியைச் சந்தேகப்பட்டது தப்பு.

டாக்டர் எடைக்கேற்ப டினிடசோல் ஒரே வேளை கொடுத்தார். நான்காம் நாள் மலம் கெட்டிப்பட்டது. பால் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. குடல் ஆறச் சில வாரம் ஆகலாமாம். இட்லி, மோர் சாதம் ஓடுகிறது.

தண்ணீர் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஜியார்டியா தண்ணீர் வழியாகவும் பரவும். இதன் கூடு (கெட்டி ஓட்டுக்குள் ஒடுங்கியிருக்கும் கிருமி, சிஸ்ட் என்பார்கள்) குளோரினுக்கு எளிதில் சாகாது, கொதிநீரில் செத்துவிடும். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டதையே நம்பியிருந்தோம். இனி பல் தேய்க்கக்கூட, தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்து ஆறிய தண்ணீர்தான். சின்னவனுக்கும் நாளை மாதிரி கொடுக்கிறோம்.